வண்ணமும் வாய்மையும்

மின்சாரத்திற்கு நிறம் இல்லை. செம்புக் கம்பியின் வழியே செல்லும் அந்த ஆற்றல், தன்னைப் போர்த்தியிருக்கும் உறை சிவப்போ நீலமோ பச்சையோ என்பதை அறியாது. எந்த நிற உறைக்குள்ளும் அது ஒரே வகையாக ஓடும். தொட்டவரை ஒரே வகையாகத் தாக்கும். ஆயினும் வீடுகளிலும் பள்ளிகளிலும் ஆலைகளிலும் கம்பி பதிப்போர், இன்ன பணிக்கு இன்ன நிறம் என்னும் ஒழுங்கைக் கண்ணுங்கருத்துமாகப் பின்பற்ற வேண்டியவராக இருக்கின்றனர். இயற்கையில் இல்லாத ஓர் ஒழுங்கை மனிதன் தானே வகுத்துக்கொண்டு, பின்னர் அதற்குத் தானே கட்டுப்பட்டு நிற்பது ஏன்? அவ்வாறு கட்டுப்படுவது வெறும் தொழில்முறைதானா, அன்றி அறமும் ஆகுமா? கம்பியின் நிறம் பற்றிய இந்தச் சிறிய வினா, மனிதர் ஒருவரையொருவர் நம்பி வாழும் வாழ்வைப் பற்றிய பெரிய வினா ஒன்றைத் தன்னுள் அடக்கியிருக்கிறது.

மூன்று கம்பிகள்

ஒரு மின்கருவிக்குச் செல்லும் கம்பிகள் பொதுவாக மூன்று. மின்னழுத்தத்தைத் தாங்கி வருவது மின்னோட்டக் கம்பி. தொழிலாளர் இதனை 'லைவ்' என்பர். கருவியில் பணி முடித்த மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி நடுநிலைக் கம்பி, இது 'நியூட்ரல்'. மூன்றாவது, 'எர்த்' எனப்படும் நிலத்தொடர்புக் கம்பி. கருவி செம்மையாக இயங்கும்போது இதற்கு வேலையே இல்லை. உள்ளே பழுது நேர்ந்து, கருவியின் உலோக உடலில் மின்சாரம் ஏறும்போதுதான் இது விழித்தெழுகிறது. அந்த மின்சாரத்தைத் தன் வழியே ஈர்த்து, மின்தொடர்பு துண்டிக்கப்படச் செய்து, கருவியைத் தொடுபவரின் உயிரைக் காக்கிறது. மலேசிய, சிங்கப்பூர் இல்லங்களில் வழங்கும் மூன்று முனைப் பிளக்கைத் திறந்து பார்ப்போர் இம்மூன்றையும் காணலாம். பழுப்பு நிறம் மின்னோட்டக் கம்பி. நீலம் நடுநிலைக் கம்பி. பச்சையும் மஞ்சளும் கோடாக இணைந்து வருவது நிலத்தொடர்புக் கம்பி.

இவற்றுள் முதல் இரண்டையும் சுவருக்குள் ஒருவர் இடம் மாற்றி இணைத்துவிட்டார் எனக் கொள்க. என்ன நேரும்? விளக்கு எரியும், விசிறி சுழலும். வீட்டு மின்சாரம் மாறி மாறித் திசை திரும்பும் இயல்புடையது ஆதலின், விளக்கிற்கு இரண்டும் ஒன்றே. ஆனால் சுவிட்ச் இப்பொழுது நடுநிலைக் கம்பியில் அமைந்துவிடுகிறது. அதனை அணைத்தால் விளக்கு அணையும். விளக்குத் தாங்கியில் மின்னழுத்தம் மட்டும் நீங்காமல் நிற்கும். அணைத்தாயிற்று என்னும் நம்பிக்கையோடு ஏணியில் ஏறிப் பழைய விளக்கைக் கழற்றுபவரின் விரல் அங்கே பட்டால், விளைவு சொல்லத் தக்கதன்று. ஒரு 60 வாட் விளக்கு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கிறது. உயிர்காக்கும் கசிவுத் தடுப்பான்களோ வெறும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே தொடர்பைத் துண்டிக்கும்படி அமைக்கப்படுகின்றன. ஓர் எளிய விளக்கை எரிக்கும் மின்னோட்டம் மனித உடலுக்கு எத்துணை மிகை என்பது இதனால் விளங்கும்.

சமையலில் உப்பு மிகுந்தால் நாக்கு அன்றே சொல்லிவிடும். தைத்த சட்டை அளவு பிழைத்தால் அணிந்தவுடன் தெரிந்துவிடும். கம்பியின் நிறத்தில் நேர்ந்த பிழையோ அவ்வாறு உடனே வெளிப்படுவதில்லை. அது சுவருக்குள் இருபது ஆண்டு, முப்பது ஆண்டு உறங்கும். வீட்டைக் கட்டியவர் மறைவார், கம்பி பதித்தவர் வேறு ஊர் சேர்வார், வீடு கைம்மாறும். பின்னர் ஒரு நாள், முன்பின் அறியாத ஒருவர் சுவரைத் திறந்து, ஒரு நிறத்தைக் கண்டு, அதனை நம்பிக் கை வைப்பார். கம்பியின் நிறம் என்பது, என்றோ பணி முடித்துச் சென்றுவிட்ட ஒருவர், என்றோ வரவிருக்கும் ஒருவருக்குச் சொல்லி வைத்த சொல்லாகும்.

இடுகுறியின் அறம்

பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் நன்னூலார் பகுத்தார். பறப்பதால் பறவை, நான்கு கால் உடைமையால் நாற்காலி, இவை காரணப் பெயர்கள். மரம், மண் என்பவற்றிற்கு அத்தகைய காரணம் காட்ட இயலாது. முன்னோர் இட்டு வழங்கியதால் அவை பெயராயின. சொல்லுக்குப் பொருள் அமைந்த காரணம் வெளிப்படத் தோன்றுவதில்லை என்பதைத் தொல்காப்பியரும் உணர்த்தியுள்ளார். கம்பியின் நிறமும் இத்தகைய இடுகுறியே. பழுப்பு நிறத்திற்கும் மின்னழுத்தத்திற்கும் யாதொரு உறவும் இல்லை. நீலம் தீங்கற்றது என்று எந்த இயற்பியல் நூலும் கூறாது.

இடுகுறி என்றவுடன், காரணம் இல்லாத ஒன்று கட்டுப்படுத்தவும் கூடுமா என்னும் ஐயம் எழுவது இயல்பு. காரணம் இல்லாத விதியை மீறினால் குற்றம் என்ன? கூவுவது குயிலின் வினை. 'குயில் கத்தியது' என்று ஒரு மாணவர் எழுதினால் ஆசிரியர் அதனை மரபு வழு எனத் திருத்துவார். ஆனால் அதனால் குயிலுக்கும் கேடில்லை, கேட்டவர்க்கும் கேடில்லை. கம்பி நிறத்தின் மரபு வழுவோ அத்தகையதன்று. அங்கே வழு உயிரையே விலையாகக் கேட்கும்.

ஸ்காட்லாந்து நாட்டு மெய்யியலாளர் டேவிட் ஹியூம், 1740-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூற்பகுதியில், ஒரு படகில் துடுப்புப் போடும் இருவரை எடுத்துக்காட்டாகத் தந்தார். அவ்விருவரும் தமக்குள் எவ்வித வாக்குறுதியும் கொடுத்துக்கொண்டவர் அல்லர். எனினும் ஒருவர் இழுக்கும் போக்கிற்கு ஏற்ப மற்றவரும் இழுக்கின்றார், படகு நகர்கிறது. மொழியும், பொன்னை விலைப்பொருளாக ஏற்கும் வழக்கமும் இவ்வாறே மெல்ல மெல்ல நிலைபெற்றன என்பது அவர் கருத்து. இங்கே கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. இத்துணை விசையோடு துடுப்பை இழுத்தல் வேண்டும் என்பதற்கு இயற்கையில் காரணம் இல்லை. ஆனால் ஒருவர் ஒத்து இழுக்கத் தொடங்கிய பின் மற்றவர் நினைத்தவாறு இழுத்தால் படகு சுழலும். காரணமின்றித் தோன்றிய ஓர் ஒப்பந்தம், பிறர் அதனை நம்பிச் செயற்படத் தொடங்கிய கணத்திலிருந்து காரணம் உடையதாகிவிடுகிறது. அக்காரணம் அவர்தம் நம்பிக்கையே.

கம்பி நிறத்தின் அறமும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. நிறத்திற்கும் பொருளுக்கும் இடையே உறவு இல்லை என்பது மெய். ஆயின் அந்த உறவு உண்டு என நம்பி ஒரு மனிதர் தம் கையை நீட்டுகிறார் என்பதும் மெய். முதல் மெய்ம்மையை மட்டும் கண்டு இரண்டாவதைக் காணாதவர், இடுகுறியின் இலக்கணத்தை அறிந்தும் அதன் அறத்தை அறியாதவர் ஆவர்.

குழுவின் குறிகளைப் பற்றியும் தமிழ் இலக்கணம் பேசுகிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று வழங்குவதைக் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். பிறர் அறியாதபடி தம்முள் பேசிக்கொள்வதே குழூஉக்குறியின் நோக்கம். கம்பியின் நிறமும் ஒரு தொழிற்குழுவின் குறிதான். ஆனால் அதன் நோக்கம் முற்றிலும் மாறானது. மறைப்பதற்காக அன்று, அறிவிப்பதற்காகவே அது உண்டாயிற்று. குழுவுக்கு வெளியே உள்ள இல்லத்தலைவியும், பிளக்கை மாற்ற முனையும் மாணவரும் அதனைப் படித்து உயிர் பிழைத்தல் வேண்டும். ஒரு தொழிலாளர் அதனைத் தமக்கு மட்டும் புரியும் வகையில் கையாளத் தொடங்கினால், அறிவிப்புக் குறி மீண்டும் மறைப்புக் குறியாகிவிடும்.

சுற்றப்படாத நாடா

பிரிட்டனின் பழைய வீடுகளில் வழங்கிய ஒரு முறை இவ்வினாவைத் தெளிவாக்கும். அங்குச் சிவப்பு மின்னோட்டக் கம்பிக்கும், கறுப்பு நடுநிலைக் கம்பிக்கும் உரிய நிறங்களாக நெடுங்காலம் இருந்தன. கூரை விளக்கிலிருந்து சுவிட்சுக்குக் கீழிறங்கும் கேபிளில் ஒரு சிவப்புக் கம்பியும் ஒரு கறுப்புக் கம்பியும் இருக்கும். சிவப்பு, மின்னழுத்தத்தைச் சுவிட்சுக்குக் கொண்டு செல்லும். கறுப்பு, அதனைச் சுவிட்சிலிருந்து விளக்கிற்குத் திருப்பிக் கொணரும். ஆகவே இவ்விடத்தில் கறுப்புக் கம்பி நடுநிலைக் கம்பி அன்று. சுவிட்சைப் போட்ட போதெல்லாம் அதில் முழு மின்னழுத்தமும் நிற்கும். ஆதலின் அதன் இரு முனைகளிலும் சிவப்பு உறைத்துண்டு ஒன்றைச் செருகுதல் வேண்டும், அல்லது சிவப்பு நாடா சுற்றுதல் வேண்டும் என்பது முறை.

அந்தத் துண்டின் விலை சில காசுகள். சுற்றும் நேரம் சில நொடிகள். எனினும் அதனைச் சுற்றாமல் விட்டோர் பலர். ஏன்? விளக்கு எரிந்தது, முதலாளி மகிழ்ந்தார், மூடியை முடுக்கிய பின் பார்ப்பவர் எவரும் இல்லை. பல ஆண்டுகள் கழித்துப் புதிய விளக்குப் பொருத்த எண்ணும் வீட்டுக்காரர் மூடியைத் திறக்கிறார். நான்கைந்து கறுப்புக் கம்பிகளைக் காண்கிறார். கறுப்பு என்றால் நடுநிலை என்று கற்றிருந்தமையால் எல்லாக் கறுப்புக் கம்பிகளையும் ஒன்றாக இணைக்கிறார். சுவிட்சைப் போட்டவுடன் மின்னோட்டக் கம்பியும் நடுநிலைக் கம்பியும் நேராகச் சந்தித்துத் தீப்பொறி பறக்கிறது. நற்பேறு இருந்தால் உருகி மட்டும் கருகும்.

நாடா சுற்றாமல் சென்ற தொழிலாளர் பொய் சொன்னாரா? அவர் ஒரு சொல்லும் பேசவில்லையே என்று அவருக்காக வாதிடலாம். ஆனால் கம்பி பேசியது. 'யான் நடுநிலை' என்று அது கூறிக்கொண்டே இருந்தது. அவர் அதனைத் திருத்த வேண்டிய இடத்தில் திருத்தாமல் சென்றார். வாய் திறந்து சொல்லும் சொல் மட்டுமே பொய்யாகும் எனின், உலகில் பாதி வஞ்சகம் பொய்க் கணக்கில் சேராது போய்விடும். வாய்மைக்கு வள்ளுவர் வகுத்த அளவுகோல் பிறர்க்குத் தீங்கு பயவாமையே. அந்த அளவுகோலைக் கொண்டு அளந்தால், பேசாது விடப்பட்ட அந்தக் கறுப்புக் கம்பி வாய்மையின் பக்கம் நிற்காது.

இன்னொரு வாதமும் உண்டு. 'தீங்கு நேர்ந்தால் அன்றோ குற்றம்? இந்த வீட்டில் யாரும் மூடியைத் திறக்கவே இல்லை. யாருக்கும் ஊறு நேரவில்லை. குற்றம் எங்கே?' என்பது அது. விளைவை மட்டும் கொண்டு அறத்தை அளப்பவர் இவ்வாறு கேட்பர். இதற்கு விடை கூற, ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1785-ஆம் ஆண்டு நூலில் காட்டிய வழி துணை புரியும். ஒருவர் செய்ய விரும்பும் செயலை எல்லோரும் செய்வதாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார் அவர். நிறைவேற்றும் எண்ணமின்றி எல்லோரும் வாக்குறுதி தருவதாயின், வாக்குறுதி என்ற ஒன்றே உலகில் இராது, எவரும் நம்பார். கம்பி பதிப்போர் அனைவரும் கைக்குக் கிடைத்த நிறத்தைப் பயன்படுத்துவராயின், நிறம் எதனையும் அறிவிக்காது. விதியை மீறுபவர், பிறர் மீறாமல் இருப்பதால் நிலைத்திருக்கும் நம்பிக்கையின் நிழலில் நின்றுகொண்டே அந்த மரத்தின் வேரை வெட்டுகிறார். ஒரு வெட்டில் மரம் சாயாது என்பது அவ்வெட்டை அறமாக்கிவிடாது.

தனிமனிதர் தீர்ப்பும் பொதுமரபும்

இனி, ஒரு தொழிலாளர் சோம்பலால் அன்றி, சிந்தனையால் விதியை மீறுகிறார் எனக் கொள்க. 'நீலத்தைக் காட்டிலும் வெண்மையே அமைதிக்குரிய நிறம். ஆகவே நடுநிலைக்கு வெண்மையே ஏற்றது' என்று அவர் கருதுகிறார். அமெரிக்காவில் நடுநிலைக் கம்பிக்கு வெண்மையோ சாம்பல் நிறமோ வழங்குகிறது. அங்கே கறுப்பு மின்னோட்டக் கம்பியின் நிறமாக இருக்கிறது. எனவே அவர் கருத்து நகைப்பிற்குரியது அன்று. ஆயினும் நீலம் வழங்கும் நாட்டில் அவர் தம் கருத்தின்படி கம்பி பதித்தால், அது சீர்திருத்தம் ஆகுமா?

ஆகாது. அறக்கொள்கைக்கும் மரபுக்கும் உள்ள வேறுபாடு இங்கே புலப்படுகிறது. மனிதனை மனிதன் அடிமை கொள்வது தீது என்று ஊர் முழுதும் மறுத்துக் கூறினும், ஒருவர் தனித்து நின்று உரைக்கலாம்; அவர் கூற்று மெய்யாகவே இருக்கும். ஏனெனில் அந்த மெய்ம்மை பெரும்பான்மையைச் சார்ந்ததன்று. நீலம் எதனைக் குறிக்கிறது என்னும் வினாவிலோ தனித்து நிற்பவர் மெய்யுடையவராக இருக்கவே இயலாது. அங்கே ஒப்புதலே பொருள். ஒப்புதலுக்கு அப்பால் பொருள் இல்லை. தனிமனிதர் தீர்ப்பிற்கு இடந்தரும் துறை எது, இடந்தராத துறை எது என்று பிரித்தறிவதும் அறிவின் கடமையே. மரபைத் திருத்த விரும்புபவர் அதனைச் சுவருக்குள் தனியே திருத்தலாகாது. வல்லுநர் கூடும் அவையில், எல்லோரும் அறியத் திருத்துதல் வேண்டும்.

ஆனால் இதனால், வகுக்கப்பட்ட மரபுகள் யாவும் ஒன்றுபோல் நல்லன என்று கொள்ளலாகாது. ஜெர்மனியில் 1960-களின் நடுப்பகுதி வரை சிவப்பு நிறம் நிலத்தொடர்புக் கம்பிக்கு உரியதாக இருந்தது. அதே காலத்தில் பிரிட்டனில் சிவப்பு மின்னோட்டக் கம்பியைக் குறித்தது. இரு நாடுகளிலும் மரபு தத்தம் எல்லைக்குள் பழுதற்றதே. ஆனால் பொருள்கள் எல்லை கடந்து விற்கப்படும் காலம் வந்தது. ஜெர்மானிய மின்கருவியை வாங்கிய ஆங்கிலேயர் ஒருவர், அதன் சிவப்புக் கம்பியைத் தம் நாட்டு வழக்கப்படி மின்னோட்ட முனையில் இணைத்தால், கருவியின் உலோக உடல் முழுவதும் மின்னழுத்தம் ஏறும். இருவரும் நேர்மையாளர், இருவரும் விதிப்படியே நடந்தவர். எனினும் மூன்றாமவர் உயிர் போகும். நேர்மை மட்டும் போதாது, நேர்மையாளரின் மரபுகள் தம்முள் ஒத்தும் இருத்தல் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

ஆகவே புதிய பொது நிறங்கள் தேடப்பட்டன. பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள் கோடு என்பன ஏற்கப்பட்டு, 1970-ஆம் ஆண்டளவில் பிரிட்டனில் மின்கருவிகளின் வளைகம்பிகளுக்கு வந்துசேர்ந்தன. இந்தத் தேர்வில் ஓர் அருள்நோக்கு இருக்கிறது. அணுக்கொள்கை கண்ட ஜான் டால்டன், பிறர் காண்பது போலத் தாம் நிறங்களைக் காணவில்லை என்பதை வளர்ந்த பின்னரே உணர்ந்து, 1794-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் அறிஞர் கழகத்தில் அதனைப் பற்றி உரை நிகழ்த்தினார். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத இக்குறை, ஐரோப்பிய மரபினரான ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவர்க்கு உண்டு; பெண்களில் 200 பேரில் ஒருவர்க்கு உண்டு. அத்தகையவர்க்கு, சிவப்பு மின்னோட்டத்திற்கும் பச்சை நிலத்தொடர்பிற்கும் என்ற பழைய ஏற்பாடு பெருந்தீங்கு. காக்கும் கம்பியும் கொல்லும் கம்பியும் அவர் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றக்கூடும். பச்சை மஞ்சள் கோடு இட்ட கம்பியை, நிறம் தெரியாதவரும் கோட்டினால் அறியலாம்.

இடுகுறியைத் தேர்வதிலும் அறம் உண்டு என்பது இதனால் பெறப்படும். குறி எதுவாயினும் ஆகலாம் என்பது குறியின் இயல்பு. எல்லோருக்கும் தெரியும் குறியையே தேர்தல் வேண்டும் என்பது தேர்பவரின் கடமை. பெரும்பான்மையோரின் கண்ணுக்கு எளிதாய்த் தோன்றுவதால் மட்டும் ஒரு குறி நல்ல குறியாகிவிடாது. அவையில் இல்லாதவரையும், தம் குறையைத் தாமே அறியாதவரையும் எண்ணி வகுத்த மரபே நன்மரபு.

மாற்றத்தின் சுமை

நல்ல மரபிற்கு மாறுவதும் இடரில்லாத செயல் அன்று. பிரிட்டன், கட்டடங்களில் நிலையாகப் பதிக்கும் கம்பிகளுக்குரிய நிறங்களை 2004-ஆம் ஆண்டில் மாற்றத் தொடங்கியது. அவ்வாண்டு மார்ச் 31 முதல் புதிய நிறங்கள் ஏற்கப்பட்டன. 2006-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் தொடங்கும் புதிய பணிகளுக்குப் பழைய நிறங்கள் விலக்கப்பட்டன. ஹாங்காங் 2007-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கி 2009-ஆம் ஆண்டு ஜூலையில் இம்மாற்றத்தைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரிலும் 2009-ஆம் ஆண்டில் புதிய நிறமுறை நடப்பிற்கு வந்தது.

மாற்றத்தின் சிக்கல் மும்முனை மின்சாரத்தில் தெளிவாகத் தெரிகிறது. பழைய முறையில் மூன்று மின்னோட்டக் கம்பிகளும் சிவப்பு, மஞ்சள், நீலம், நடுநிலை கறுப்பு. புதிய முறையில் மின்னோட்டக் கம்பிகள் பழுப்பு, கறுப்பு, சாம்பல்; நடுநிலை நீலம். நீலமும் கறுப்பும் தம்முள் பணியை மாற்றிக்கொண்டன. நேற்று வரை தீங்கற்றதாய் இருந்த கறுப்பு இன்று உயிர் குடிக்கும்; நேற்று வரை உயிர் குடித்த நீலம் இன்று நடுநிலையில் நிற்கும். ஒரே கட்டடத்தில் பழைய பகுதியும் புதிய பகுதியும் சந்திக்கும் இடத்தில், நிறத்தை மட்டும் அறிந்தவர் ஏதும் அறியாதவரை விடக் கேடுற்ற நிலையில் இருப்பார். ஏதும் அறியாதவர் அஞ்சுவார். பாதி அறிந்தவர் அஞ்சார்.

இந்நிலையில் மரபை மாற்றியோர் செய்த ஒரு செயல் போற்றத் தக்கது. இரு காலத்து நிறங்களும் கலந்துள்ள கட்டடத்தின் மின்பங்கீட்டுப் பெட்டியில், அவ்வுண்மையைக் கூறி எச்சரிக்கும் அறிவிப்பு ஒன்றைப் பொருத்த வேண்டும் என்று பிரிட்டனின் விதி பணித்தது. குறி மாறினால் மாறியது என்பதைக் குறிக்கருகிலேயே எழுதி வைத்தல் வேண்டும். மாற்றும் உரிமை உடையோர்க்கு இதுவே முதற்கடமை. பழையதை நம்பியிருந்தவர் குற்றவாளிகள் அல்லர். அவர்கள் கற்பித்ததைக் கற்றவர்கள். அவர்களைப் 'பழையவர்' என ஒதுக்கிவிட்டுப் புதுமையை நாட்டும் மாற்றம், எத்துணை அறிவுடையதாயினும் அறமுடையது ஆகாது.

நம்புதலும் சோதித்தலும்

இவ்வளவு கூறிய பின், இத்தொழிலில் தேர்ந்த வயர்மேன் ஒருவர் எழுப்பக்கூடிய மறுப்பு ஒன்று எஞ்சி நிற்கிறது. 'எந்தக் கம்பியையும் நிறத்தை நம்பித் தொடாதே. மின்தொடர்பைத் துண்டித்து, சோதனைக் கருவியால் சோதித்த பின்னரே தொடு' என்பது இத்தொழிலின் முதற்பாடம். எல்லோரும் சோதித்த பின்னரே தொடுவதாயின், நிறம் எதற்கு? நிறத்தைப் பிழையாக இட்டவர் மீது குற்றம் சுமத்துவது ஏன்? சோதியாமல் தொட்டவர் அன்றோ குற்றவாளி?

இம்மறுப்பில் ஒரு நுண்ணிய பிழை மறைந்திருக்கிறது. ஒருவர் கடமையைக் காட்டி மற்றவர் கடமையைக் கழித்துவிடலாம் என்று அது எண்ணுகிறது. கடமைகள் கடைக்கணக்கு அல்ல, வரவில் ஒன்றை வைத்துச் செலவில் ஒன்றைக் கழிப்பதற்கு. சோதித்தல் வேண்டும் என்பது தொடுபவரின் கடமை. அது அவர் தம் உயிர்க்கும் தம் குடும்பத்திற்கும் ஆற்றும் கடமை. நிறத்தைச் செம்மையாக இடுதல் வேண்டும் என்பது பதிப்பவரின் கடமை. அது அவர் முகமறியாத ஒருவர்க்கு ஆற்றும் கடமை. முன்னவர் தவறினார் என்பதால் பின்னவர் தூயவர் ஆகார். தெருவில் நடப்போர் பார்த்து நடக்க வேண்டும் என்பது மெய். அதனால் குழி தோண்டி மூடாமல் சென்றவர்க்கு மன்னிப்புக் கிடைத்துவிடுமா?

மேலும், சோதனைக் கருவியும் பழுதுபடும், சோதிப்பவரும் களைப்படைவார், இரவில், மழையில், அவசரத்தில் மனிதர் மறப்பர். ஒரு காவல் தவறும் வேளையில் மற்றொரு காவல் நின்று காப்பதற்காகவே இரண்டு காவல்கள் வைக்கப்பட்டுள்ளன. அடுத்தவர் விழித்திருப்பார் என்று இரு காவலரும் உறங்கிவிட்டால் கோட்டை என்னவாகும்?

இவ்விரு கடமைகளையும் ஒருங்கே ஏற்றவரே நல்ல தொழிலாளர். கம்பியைப் பதிக்கும்போது, பிறர் சோதியாமலே தம்மை நம்பிவிடக்கூடும் என்று எண்ணிப் பதிப்பார். கம்பியைத் தொடும்போது, முன்னவர் பிழை செய்திருக்கக்கூடும் என்று எண்ணிச் சோதிப்பார். தாம் செய்யும் பணியில் கண்டிப்பும், பிறர் செய்த பணியில் விழிப்பும் கொள்வார். இது பிறர் மீது கொண்ட ஐயம் அன்று. மனித இயல்பை அறிந்த அடக்கம். இதற்கு நேர்மாறாக நடப்பவரே உலகில் மிகுதி. தம் பிழையைப் பிறர் கண்டுபிடித்துக்கொள்வர் என்று பணியில் நெகிழ்ந்துவிடுவர். பிறர் பணியையோ ஆராயாது ஏற்பர். ஊறு நேர்ந்தபின் பழியை மட்டும் அவர் மீது ஏற்றுவர்.

மொழியைக் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இக்கருத்து அயலானது அன்று. 'மழை' என்னும் சொல்லிற்கு ஏன் இந்த ழகரம் என்று மாணவர் கேட்டால், ஆசிரியர் இயற்கையிலிருந்து காரணம் காட்ட இயலாது. முன்னோர் அவ்வாறு வழங்கினர். பின்னோர் அதனை நம்பிப் படிப்பர் என்றே கூற இயலும். எழுதுபவர் பிழையற எழுத வேண்டும். படிப்பவர் எழுதியதை ஆராய்ந்து ஏற்க வேண்டும். எழுத்தாளரின் நேர்மை படிப்பவரின் ஆராய்ச்சிக்கு ஈடாகாது. படிப்பவரின் ஆராய்ச்சி எழுத்தாளரின் பொய்க்கு மன்னிப்பாகாது.

இடுகுறிக்கு இயற்கையில் வேர் இல்லை. அதனைத் தாங்கி நிற்பது, தலைமுறை தலைமுறையாக அதனைப் பிழையாமல் கையாளும் மனிதரின் நாணயம் ஒன்றே. சுவரை மூடிய பின் எவரும் காண முடியாத இடத்தில், சில காசு பெறும் ஒரு நாடாத் துண்டை மறவாமல் சுற்றிவிட்டுச் செல்லும் தொழிலாளர், தாம் ஒருபோதும் சந்திக்கப்போகாத ஒருவரிடம் உண்மை பேசிச் செல்கிறார். அந்த உண்மைக்கு நன்றி கூற எவரும் வரமாட்டார். வீட்டில் விளக்கு எரியும், திறந்தவர் தீங்கின்றி மூடுவார், அவ்வளவே. அறம் பெரும்பாலும் இவ்வாறுதான், எவரும் அறியாமல் தன் பயனைத் தந்துகொண்டிருக்கிறது.